கம்ப்யூட்டருக்கும் ஒரு வாரியம்

காஞ்சிபுரத்து ஓரிக்கையில் தொடங்கி, பாலாற்றுப் பாலம் தாண்டி உத்திரமேரூர் வரைக்கும் உள்ள வீடுகளில் கம்ப்யூட்டருக்குச் செய்திருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு ஸ்டெபிலைசர், உள்ளே என்றைக்கோ காலாவதியான ஓர் ஆன்டி வைரஸ், ஆயுத பூஜை அன்று வைத்த சந்தனப் பொட்டு. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை, பொட்டு உட்பட. ஆனால் துணியும் ஸ்டெபிலைசரும் காப்பது பெட்டியை. பெட்டி போனால் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம், கடன் வாங்கியாவது. பெட்டிக்குள் இருப்பதைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டர் பராமரிப்பு என்றதும் தூசு தட்டுவதையும் வைரஸ் விரட்டுவதையும் முதலில் நினைக்கிறோம். என் கணக்கில் அவை கடைசி. முதல் வேலை, உள்ளே இருப்பதற்கு இன்னொரு நகல் எடுத்து வைப்பது. அதைவிடவும் முந்திய ஒன்று உண்டு: அந்த வேலை வீட்டில் யாருடையது என்று முடிவு செய்வது. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் வாதாடப் போகிறேன்.

எதற்கு நகல் வேண்டும் என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. நிறைய பேர் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் பி.டி.எஃப்.களைப் பொன்போலக் காப்பாற்றுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இவை தொலைந்தால் பெரிய நஷ்டம் இல்லை. பட்டா, சிட்டாவை அரசின் இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம், வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும், ஆதாரைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், டிஜிலாக்கர் இருக்கிறது, எதுவும் முடியாவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது. அவற்றின் அசல் அரசாங்கத்திடம் இருக்கிறது, உங்களிடம் இருப்பதுதான் நகல். அசலே உங்களிடம் மட்டும் இருக்கும் பொருள்கள் வேறு. தாத்தா பாட்டியின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர், கல்யாண வீடியோ, சீட்டுக் கணக்கு எழுதிய எக்ஸெல், கடையின் டாலி டேட்டா, பிள்ளை மூன்று மாதம் உட்கார்ந்து செய்த காலேஜ் புராஜெக்ட். இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. ஆக, முதலில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியது இந்த இரண்டு வகையைத்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு நிம்மதியும் கிடைக்கும்: சினிமாக்களையும் மென்பொருள் கோப்புகளையும் ஒதுக்கிவிட்டால், பல வீடுகளில் உண்மையிலேயே காக்க வேண்டியது ஒரு பென் டிரைவிலோ சின்ன ஹார்ட் டிஸ்கிலோ அடங்கிவிடும் அளவுதான்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி உள்ளவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கவலை உண்டு. பட்டுப் புடவையின் கரை, முந்தி, புட்டா எல்லாம் ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஜக்கார்டு அட்டையில் துளை போட்டுத் தறிக்குப் போனவை. ஓர் அட்டை கிழிந்தால் அந்த அட்டையை மட்டும் மறுபடி குத்திக்கொள்ளலாம், வரைந்த தாளும் எங்காவது பரணில் கிடக்கும். இப்போது டிசைன் கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. அட்டை குத்தும் இயந்திரத்துக்கும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டுக்கும் அது கோப்பாகப் போகிறது, பல நேரம் ஒரு பென் டிரைவில். அட்டைக்கட்டு ஈரத்தில் நனைந்தாலும் பாதியாவது மிஞ்சும். ஹார்ட் டிஸ்க் போனால் பாதி மிஞ்சுவதில்லை, டிசைன் மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். கைவேலை செய்தவர்களிடம் இயல்பாகவே இருந்த காப்பு, கம்ப்யூட்டருக்கு மாறியபோது யாரும் எடுத்துப் போடாமலே கழன்றுவிட்டது. வீட்டிலிருந்து டிசைன் வரைந்து கொடுக்கிறவர்கள் இந்தப் பதிவில் வேறு எதைத் தவிர்த்தாலும் நகல் பற்றிய பகுதியைத் தவிர்க்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்று கேட்கலாம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆயிரக்கணக்கான டிஸ்குகளை இரவு பகலாக ஓட்டி, எது எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று வெளிப்படையாகக் கணக்குக் கொடுத்துவருகிறது. 2013 இல் அவர்கள் சொன்ன கணக்கின்படி, நான்கு ஆண்டு முடிவில் சுமார் 80 சதவீத டிஸ்குகள் பிழைத்திருந்தன. அதாவது ஐந்தில் ஒன்று போய்விட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் நிலைமை நன்றாகவே தேறி, ஆண்டுக்கு நூறில் ஒன்றோ ஒன்றரையோ என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அது குளிரூட்டிய அறை, சீரான மின்சாரம், யாரும் தூக்கி எறியாத அலமாரி. நம் வீட்டு லேப்டாப் மெத்தையில் கிடக்கிறது, மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓடுகிறது, பள்ளிக்கூடப் பையில் பஸ்ஸில் போகிறது. அதோடு, நம் பக்கம் ஓடும் இயந்திரங்களின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. பல கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது வீட்டுக் கணக்குக்கோ சினிமா பார்க்கவோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்கள் அவற்றில் உண்டு. அரசாங்கம் லேப்டாப் கொடுத்தது, அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது, பழுதானால் பார்க்க சர்வீஸ் மையமும் இருந்தது. உள்ளே சேர்ந்த பத்தாண்டுப் படங்களைக் காக்க வேண்டிய பொறுப்பு மட்டும் எந்த உத்தரவிலும் யார் பேரிலும் எழுதப்படவில்லை.

அடுத்தது கரண்ட். இதை நான் வைரஸுக்கு முன்னால் வைக்கிறேன், காரணத்தோடுதான். வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி இடிகளும், கோடையின் கடைசியில் சாயங்காலம் திடீரென்று வரும் இடிமழையும் நம் மாவட்டத்துக்குப் பழக்கமானவை. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. தூரத்தில் கம்பியில் விழுந்தாலும் அந்த அதிர்ச்சி லைனில் ஓடி வரும். ஸ்டெபிலைசர் இதற்கு மருந்தில்லை. மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்வதுதான் அதன் வேலை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் அதிர்ச்சியை அது பிடிக்காது. அதற்கு ஸ்பைக் கார்டு எனப்படும் சர்ஜ் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டும். அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன உறுப்பு ஒவ்வொரு அதிர்ச்சியையும் தானே வாங்கிக்கொண்டு தேயும். சில ஆண்டுகளில் பெட்டி வெறும் பிளக் பாயிண்டாக மட்டும் மிஞ்சும், விளக்கு எரிந்தாலும்கூட. எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளை உடைத்து இரண்டு முள் துளையில் செருகும் நம் ஊர்க் கெட்டிக்காரத்தனத்துக்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கும். இத்தனையும் செய்தாலும் நேரான இடியை எந்தப் பெட்டியும் தடுக்காது. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவதுதான் உறுதியான வழி, செலவும் இல்லை. கூடவே நெட் கனெக்ஷன் ஒயரையும் பிடுங்க வேண்டும். மோடத்துக்கு வரும் செம்புக் கம்பி வழியாகவும் அதிர்ச்சி உள்ளே வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கரண்ட் போவது வேறு வகைத் தொல்லை. டெஸ்க்டாப் எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அணைந்தால் திறந்திருந்த கோப்பு கெடலாம், விண்டோஸே எழும்பாமல் போகலாம். அதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். ஆனால் அதன் வேலை ஐந்து நிமிடம் தாங்குவது, நீங்கள் கோப்பைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கு. அதை வைத்து மீதிப் படத்தைப் பார்ப்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நம்பத்தக்கதில்லை. கரண்ட் போகும் நாளில்தான் யு.பி.எஸ். செத்திருப்பது தெரியவரும் என்றால் அதை வைத்திருந்து பயனில்லை. மாதம் ஒரு முறை சுவிட்சை அணைத்துப் பாருங்கள், தாங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தரவு போகும் இன்னொரு வழியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை: ரிப்பேர். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடைக்குப் போனால் அங்கே சொல்லும் முதல் வைத்தியம், ஃபார்மட் அடித்து புது ஓ.எஸ். போடுவது. அவர்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. சில நூறு ரூபாய்க் கூலிக்கு ஒருவர் உங்கள் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து எது முக்கியம் என்று ஆராய முடியாது. சி டிரைவை அழிப்பார்கள், டி டிரைவை விட்டுவைப்பார்கள், அதுதான் வழக்கம். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் சேமித்த எல்லாமே சி டிரைவில்தான் இருக்கிறது என்பது சேமித்தவருக்குத் தெரிந்திருக்காது. புதிய இயந்திரங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் டிஸ்க் முழுக்கத் தானாகவே பூட்டப்படுகிறது, பிட்லாக்கர் என்ற முறையில். திருடன் கையில் கிடைத்தால் அவனால் படிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் மதர்போர்டில் ஏதாவது மாற்றம் செய்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் அவசரத்துக்குத் தொடங்கிக் கொடுத்த, பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாத கணக்கு அது என்றால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் உள்ளே இருப்பது போனது போனதுதான். சாவியை இன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். தாளில் எழுதுவதா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பீரோவை இணையம் வழியாக யாரும் திறக்க முடியாது.

நகல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய கம்பெனியின் கதை உதவும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார நிரல் உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவி, உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்கை அப்படியே முடக்கிப்போட்டது. அதன் வலையமைப்பு முழுவதற்கும் வரைபடம் போன்ற முக்கியக் கோப்புகள் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இருந்தன. ஒன்று போனால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்றே ஒன்று பிழைத்தது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில். காரணம், தாக்குதலுக்குச் சற்று முன்னால் அங்கே கரண்ட் போயிருந்தது! அணைந்து கிடந்த அந்த ஓர் இயந்திரத்தில் இருந்துதான் கம்பெனியையே மீட்டெடுத்தார்கள். கானாவில் நெட் வேகம் போதவில்லை என்று டிஸ்கை ஆள் கையில் கொடுத்து விமானத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. மெர்ஸ்க் சொன்ன நஷ்டக் கணக்கு 25 முதல் 30 கோடி டாலர். இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம்: எப்போதும் செருகியே இருக்கும் நகல் முழு நகல் ஆகாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை வாங்கி கம்ப்யூட்டரோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டால், இடி வந்தால் இரண்டும் போகும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் பூட்டும், திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துப்போவான். நகல் எடுத்தவுடன் கழற்றி பீரோவில் வையுங்கள். இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ கிளவுடிலோ இருந்தால் வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. இதற்கு எஸ்.எஸ்.டி.யைவிடச் சாதாரண ஹார்ட் டிஸ்கே மேல். எஸ்.எஸ்.டி.யை ஆண்டுக்கணக்கில் கரண்ட் காட்டாமல் வைத்தால் அதில் எழுதியது மங்கக்கூடும்.

"எல்லாம் போனில் இருக்கிறது, கூகுளில் ஏறிவிடுகிறது, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பாதி உண்மையும்கூட. கிளவுடில் இருக்கும் போட்டோ இடியில் எரியாது. ஆனால் கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜி.பி., அதையும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. போட்டோவுக்கு அளவில்லாத இடம் என்ற சலுகை 2021 ஜூன் 1 அன்று முடிந்துவிட்டது. இடம் நிறைந்ததும் ஏறுவது நின்றுவிடும். எச்சரிக்கை வரும், நாம் அதைத் தள்ளிவிட்டு யூடியூபுக்குப் போவோம். அதைவிட முக்கியம், ஒத்திசைவும் நகலும் வேறு வேறு. போனில் இடம் வேண்டும் என்று ஒரு போட்டோவை அழித்தால் சில அமைப்புகளில் கிளவுடிலும் அழியும். சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அப்புறம் இல்லை. கணக்கே முடங்கினால், பழைய போன் எண்ணுக்கு ஓ.டி.பி. போனால், மொத்தமும் கைவிட்டுப் போகும். கிளவுட் ஒரு நல்ல இரண்டாவது நகல். அதையே ஒரே நகலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கேள்வி: "நம்ம வீட்டு கம்ப்யூட்டரை எவன் தாக்கப்போறான்? நம்மகிட்ட என்ன இருக்கு?" 2017 மே 12 அன்று கிளம்பிய வானாகிரை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். அதில் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளும் இருந்தன, நம் பக்கத்துக் கேரளாவில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகமும் இருந்தது. ஒரு மலையோர ஊராட்சியை எவனும் குறிவைத்துத் தாக்கவில்லை. அது ஆளைப் பார்க்காமல், பூட்டாத கதவாகத் தேடிப் போகும் நிரல். வேதனை என்னவென்றால், அந்தக் கதவை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, இரண்டு மாதத்துக்கு முன்பே. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 இயந்திரங்கள். 2021 செப்டம்பரில் சென்னையில் தமிழக அரசின் பொதுத்துறையிலேயே ரான்சம்வேர் புகுந்து செய்தியானது. ஆக, அப்டேட் போடுவது என்ற சலிப்பூட்டும் வேலைக்கு ஆன்டி வைரஸ் வாங்குவதைவிட மதிப்பு அதிகம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் ஓடும் வீட்டில் அப்டேட் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது என்பது உண்மையான கஷ்டம், அதை அலட்சியப்படுத்த முடியாது. போன் ஹாட்ஸ்பாட்டை விண்டோஸில் மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிட்டால் அது கண்டபடி இறக்காது. பிறகு மாதம் ஒரு நாள் நள்ளிரவுக்கு முன் மிஞ்சிய டேட்டாவில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க நேரம் என்பதால் நமக்கு அது செவ்வாய் இரவு ஆகிவிடும். அந்த வாரக் கடைசியை ஒதுக்கிக்கொண்டால் போதும்.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அப்டேட்டே வராது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாப்ட் கதவைச் சாத்திவிட்டது. விண்டோஸ் 10 வீட்டுப் பயனாளிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிப்பு உண்டு, மைக்ரோசாப்ட் கணக்கில் அமைப்புகளை ஏற்றிவைத்தால் பணமில்லாமலே. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். முதல் சுற்று அரசு மடிக்கணினிகள் அந்தப் பரீட்சையில் தேறாது. அவற்றுக்கு வழி லினக்ஸ். இது நமக்குப் புதிதும் இல்லை: அந்த அரசு லேப்டாப்களிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக்கில் உருவானது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். லினக்ஸ் ஆர்வலர்கள் எல்லோருக்கும் அதையே பரிந்துரைப்பார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நெட் பார்க்க, தமிழ்99-ல் கடிதம் அடிக்க, பாடம் படிக்க அது தாராளமாகப் போதும். டாலி ஓட வேண்டிய கடைக்கும், விண்டோஸுக்கு மட்டும் எழுதிய டிசைன் மென்பொருளுக்கும் அது சரிப்படாது. அவர்கள் இயந்திரத்தை மாற்றுவதுதான் சரி. மாற்றும்வரை பழையதை நெட்டிலிருந்து கழற்றி வையுங்கள்.

இப்போது ஆன்டி வைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, சாதாரண வீட்டுக்கு அது போதும். காசு கொடுத்து வாங்குவதானால் வாங்குங்கள், சென்னையிலேயே 1991 முதல் இருக்கும் கே7 போல நம் ஊர்க்காரர்களும் செய்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து ஆன்டி வைரஸ் போட்டுவிட்டு, அதே கம்ப்யூட்டரில் கிராக் செய்த விண்டோஸும் கிராக் செய்த போட்டோஷாப்பும் வைத்திருப்பது விநோதம். கிராக் ஆக்டிவேட்டரை ஓட்டும்போது அது கேட்கும் முதல் காரியமே ஆன்டி வைரஸை அணைத்துவை என்பதுதான். 2018 இல் மைக்ரோசாப்ட் ஆசியாவின் ஒன்பது நாடுகளில் கடைகளில் புதுக் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சோதித்தது. பத்தில் எட்டுக்கும் மேல் திருட்டு மென்பொருளோடு வந்தன, அப்படி வந்தவற்றில் பத்தில் எட்டுக்கும் மேல் நாசகார நிரலும் இருந்தது. சொல்வது விண்டோஸ் விற்கிற கம்பெனி, அதற்கு இதில் லாபம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும், யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு வீட்டின் அத்தனை சாவியும் கொடுக்கிறோம் என்ற அடிப்படை உண்மை மாறாது. அசல் வாங்க முடியாதவருக்கு லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் சட்டப்படி இலவசம்.

பென் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கம் நோய் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. பிரிண்ட் எடுக்க ப்ரௌசிங் சென்டருக்குப் போய் வந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். பதறிப்போய் ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே இருக்கும், வைரஸ் அவற்றை ஒளித்து மட்டும்தான் வைத்திருக்கும். ஷார்ட்கட்டைத் தொடாமல் முதலில் டிஃபெண்டரால் சோதித்து, பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் எடுத்துவிடலாம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் 2017 முதல் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகளைத் தருகிறது. பிரிண்ட் எடுக்க மட்டுமே ஒரு தனி பென் டிரைவ் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சென்டரில் ஜிமெயிலைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள், இறக்கிய ஆதாரை அழித்துவிட்டு வாருங்கள்.

இத்தனையும் தெரிந்தவர்கள் வீட்டிலும் ஏன் நடப்பதில்லை? அறிவு போதாமல் இல்லை, ஆள் இல்லாமல்தான். பொதுக் கம்ப்யூட்டர் எல்லோருடையது, ஆகவே யாருடையதும் இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடை நம் வட்டாரத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அதைப் புகழ்கிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. குடும்பு எனப்பட்ட 30 வார்டுகளிலிருந்து தேர்ந்தவர்களில் ஆட்டை வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொறுப்புக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதியில்லாதவர்கள். ஏரி உடையும் என்பது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்திருந்தால் மட்டும் கரை நிற்காது என்று புரிந்துகொண்டு, இந்த ஆண்டுக்கு இந்த ஆறு பேர் என்று பெயர் குறித்தார்கள், முடிவில் கணக்கும் கேட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆறு பேர் வேண்டாம், ஒருவர் போதும். பத்தாம் வகுப்புப் பெண்ணாகவும் இருக்கலாம், ஓய்வு பெற்ற தாத்தாவாகவும் இருக்கலாம். ஓர் ஆண்டு முடிந்ததும் வேறு ஒருவர்.

அவருடைய வேலை மாதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. நகல் டிஸ்கைச் செருகி, போட்டோ, கணக்கு, டிசைன் ஃபோல்டர்களை நகலெடுத்து, அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும். திறந்து பார்ப்பதை விடக் கூடாது. திறந்து பார்க்காத நகல் இருக்கிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. பிறகு அப்டேட், யு.பி.எஸ். சோதனை. தூசு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அட்மின் பாஸ்வேர்டும் இவரிடம் இருக்கட்டும், மற்றவர்கள் சாதாரணப் பயனர் கணக்கில் நுழையட்டும். அப்போது சின்னப் பையன் இறக்கும் கேம் மோட் எதுவும் இவர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டர் முழுவதிலும் கை வைக்க முடியாது. பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். நம்பிக்கை வேறு, சாவிக்கொத்து வேறு. திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, "இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வந்தாலும் முடிவெடுப்பவர் இவரே. மைக்ரோசாப்ட் எந்த எச்சரிக்கையிலும் போன் எண் தராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் போதும். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

"ஹார்ட் டிஸ்க் வாங்கக் காசு?" என்ற கேள்வி மிஞ்சுகிறது. முதல் நகலுக்கு ஒரு நல்ல பென் டிரைவே போதும் என்று மேலே சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்கை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டாலும் மூன்றாவது நகலுக்கு ஆகும், அதை மட்டுமே நம்பாதவரை. அழிந்த டிஸ்கிலிருந்து தரவை மீட்டுத் தரும் நிறுவனங்கள் கேட்கும் தொகை புது டிஸ்கின் விலையைவிடப் பல மடங்கு, அதுவும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல்.

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. 2011 இல் விட்டுப்போனதை இந்த முறை சேர்த்துக்கொள்ள ஆணையோ நிதியோ தேவையில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களில் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். அந்த ஏழு நாளில் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கி, வீட்டுக்கொருவரை உட்காரவைத்து முதல் நகலை எடுக்கவைத்து, பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதவைத்து அனுப்பினால் போதும். முகாம் பொறுப்பாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அடுத்த முகாமின் நிரலில் சேருங்கள். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார் பொறுப்பு என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள்.